பிளஸ் டூ முடித்து வெளிநாட்டுக் கல்லூரிக்கு: சென்னைப் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகள்

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி வருகிறேன். அதற்காக அவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசியதுதான் இந்தப் பக்கம். பெற்றோர் கேட்டதற்குப் பெற்றோரிடமும், பிள்ளைகள் கேட்டதற்குப் பிள்ளைகளிடமும் பேசுவதுபோலவே பதில் எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் இளநிலைப் படிப்பைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறேன், எம்.எஸ். படிக்கப் போகிறவர்களின் கதை வேறு.

பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இப்போதே தொடங்க வேண்டுமா?

பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டாம். மதிப்பெண் அட்டையை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டு மதிப்பெண்களைக் கேட்கின்றன. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது பள்ளி அலமாரிக்குள் போய்விடும். மூன்று ஆண்டு கழித்து, அதுவும் பள்ளி மாறிய பிறகு, அதைத் தேடி அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிந்ததும் பள்ளி முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். அந்த வயதில் பிள்ளை செய்ய வேண்டியது நிறையப் படிப்பதும், பிடித்த ஒன்றை விடாமல் செய்வதும்தான்.

வெளிநாடு போவது என்று முடிவு செய்துவிட்டோம். முதல் வேலை என்ன?

வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது. பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இதைத் தள்ளிப் போடுவதால் வரும் துயரத்தைப் போல வேறெதிலும் நான் கண்டதில்லை. ஏப்ரல் மாதம் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும், வீடே கொண்டாடியிருக்கும், அதன்பின் அப்பா தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்.

பெயர் பெற்ற பல அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. ரூபாயில் 65 லட்சத்தைத் தாண்டும். படிப்பு நான்கு ஆண்டு. பிரிட்டனில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகள் மூன்று ஆண்டில் முடிகின்றன. அதனால் மொத்தக் கணக்கு குறையும். ஜெர்மனியிலும் சிங்கப்பூரிலும் கணக்கே வேறு, கீழே சொல்கிறேன். ஆண்டுக்கு எவ்வளவு நம்மால் முடியும், எவ்வளவு கடன் வாங்கத் துணிவோம், வீட்டை ஈடு வைப்போமா மாட்டோமா என்ற மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லூரிப் பட்டியல் அந்தத் தாளிலிருந்து பிறக்க வேண்டும்.

என் மகளுக்கு இனிஷியல்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் என்ன எழுதுவது?

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய கேள்வி இது. வெளி மாநிலத்து வழிகாட்டி நூல் எதிலும் இதற்கு ஒழுங்கான பதில் கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பெண்ணின் பெயர் பள்ளியில் 'கா. நிலா' என்று இருக்கும். ஆதாரில் 'நிலா கார்த்திகேயன்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'நிலா கே', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'நிலா'. நமக்கு நான்கும் ஒரே பெண். வெளிநாட்டுக் கல்லூரியின் கணினிக்கு நான்கு பேர். படிவங்கள் எல்லாம் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'முதற்பெயர் தெரியாது' என்று அச்சாகும். அது தவறு இல்லை, அப்படியே படித்து முடித்தவர்கள் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

என் யோசனை இதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே, இனிஷியலை விரித்து எழுதுவதா என்று வீட்டில் முடிவெடுங்கள். அதே எழுத்துக்கூட்டலில் பாஸ்போர்ட் எடுங்கள். பிறகு தேர்வுப் பதிவு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை ஓர் எழுத்து மாறாமல் எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏற்கெனவே பிழை இருந்தால், மாநில வாரிய மாணவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்று நாம் இன்னும் சொல்லும் அன்பழகன் கல்வி வளாகத்தில் அது இருக்கிறது. இதற்கு மாதங்கள் ஆகும். பிளஸ் டூ நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் இன்னொன்று. சிறு வயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். 15 வயது முடிந்த பிள்ளைக்குப் பத்து ஆண்டுப் பாஸ்போர்ட்டாகவே விண்ணப்பிக்கலாம். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா மையங்களில் கோடை விடுமுறையில் கூட்டம் அதிகம். வேறு மாதத்தில் போங்கள்.

மாநில வாரியத்தில் படிப்பது பின்னடைவா? பிளஸ் ஒன்னில் பள்ளியை மாற்றலாமா?

இதற்காக மட்டும் மாற்றாதீர்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு மாணவரை அவர் படித்த பள்ளியின் சூழலுக்குள் வைத்துத்தான் பார்க்கின்றன. பள்ளியில் என்ன பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், வகுப்பில் எத்தனை பேர் என்று பள்ளி ஒரு பக்கக் குறிப்பு அனுப்பலாம். உங்கள் பள்ளியில் அப்படிக் குறிப்பு இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பிளஸ் டூ மொத்தம் 600 மதிப்பெண் என்பது முதல் எல்லாமே அங்கே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் புதிது.

பிரிட்டனில் நிலைமை கொஞ்சம் வேறு. சில பல்கலைக்கழகங்கள் மாநில வாரியத்துக்குத் தனி மதிப்பெண் வரம்பு வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் இணையப் பக்கத்திலும் இந்தியாவுக்கான பகுதியைப் படியுங்கள். அங்கே எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும் கேட்பார்கள். பொதுத்தேர்வுக்கு முன்பே, இந்தப் பிள்ளை எவ்வளவு வாங்குவாள் என்று பள்ளி எழுதித் தர வேண்டும். நம் பள்ளிகளுக்கு இந்தப் பழக்கம் குறைவு. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணையும் பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்களிடம் பொறுமையாக விளக்குங்கள்.

மிஸ், பிளஸ் டூவில் நேரம் எப்படிப் போதும்? அரையாண்டு, திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு எல்லாம் இருக்கிறதே?

போதாதுதான். அதனால் பிளஸ் டூவின் இரண்டாம் பாதியில் எதையும் வைத்துக்கொள்ளாதே. அமெரிக்காவுக்குப் பல கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பமான காமன் ஆப், ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசித் தேதி. வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி முதல் வாரம். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது என்பதையும் நினைவில் வை.

இப்போது நம் ஊர் நாட்காட்டியை இதன் மேல் வைத்துப் பார். செப்டம்பரில் காலாண்டு. அக்டோபர், நவம்பரில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும். டிசம்பரில் அரையாண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லை. அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. கடைசி நாளில் சமர்ப்பிக்கலாம் என்று இருந்த பிள்ளைகள் அந்த வாரம் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பிளஸ் ஒன் முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் கட்டுரைகளின் முதல் வடிவத்தை எழுதிவிடு. மழை தொடங்கும் முன், அக்டோபர் நடுவிலேயே, முன்கூட்டிய விண்ணப்பங்களை அனுப்பிவிடு.

எஸ்ஏடி எழுதியே ஆக வேண்டுமா?

எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுவான தேர்வு. எழுத வேண்டுமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் கட்டாயத்தை நீக்கின. அதன்பின் எம்ஐடி 2022-இல் மீண்டும் கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, டார்ட்மத், பிரௌன், கால்டெக் ஆகியவையும் திரும்பக் கேட்கின்றன. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களோ கொடுத்தாலும் பார்ப்பதில்லை. தேர்வு இப்போது முழுக்கக் கணினியில், 2 மணி 14 நிமிடம், மொத்தம் 1600. புளூபுக் என்னும் செயலியில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் கணிதம் பெரும்பாலும் சுலபம். ஆங்கில வாசிப்பில்தான் மதிப்பெண் போகிறது, அதைப் பயிற்சிப் புத்தகத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது. சென்னை மையங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறந்ததும் போடுங்கள். இரண்டு முறை எழுதினால் போதும் என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் எழுத முடியுமா?

தாராளமாக முடியும். இரண்டும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் தேர்வுகள்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் இலக்கணத்தை விதியாகக் கற்றிருப்பதால் எழுத்துத் தேர்வில் நன்றாகவே செய்வார்கள். தடுமாற்றம் கேட்பதிலும் பேசுவதிலும்தான். தினம் அரை மணி நேரம் ஆங்கில வானொலிச் செய்தி கேள். கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆங்கில நூல்களும் இதழ்களும் இருக்கின்றன, உள்ளே உட்கார்ந்து படிக்கப் பணம் வேண்டாம். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பத்தாம் வகுப்பிலேயே எழுதிவிடாதே. பிளஸ் டூ தொடக்கம் சரியான நேரம். வீட்டிலிருந்தே எழுதும் டுவோலிங்கோ தேர்வை அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கின்றன, கட்டணமும் குறைவு.

மகள் பரதநாட்டியம் ஆடுவாள், சதுரங்கம் ஆடுவாள், அபாகஸ் முடித்திருக்கிறாள். இன்னும் என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

காமன் ஆப்பில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எழுதப் பத்து இடங்கள்தான். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. சான்றிதழை இணைக்கும் இடமே அங்கே இல்லை. ஆனாலும் நம் நகரத்தில் சான்றிதழ் வியாபாரம் கொழிக்கிறது. மூன்று நாள் தலைமைப் பண்பு முகாம், பணம் கட்டினால் பெயர் போட்டுத் தரும் ஆய்வுக் கட்டுரை, புகைப்படம் எடுப்பதற்காகவே ஒரு ஞாயிறு மட்டும் முதியோர் இல்லம் போய் வருவது. பதினாறு வயதுப் பிள்ளையை இப்படிப் பழக்குவது எனக்கு மனவருத்தம் தருகிறது. விண்ணப்பங்களைப் படிக்கும் கல்லூரி அதிகாரிகளுக்கும் இது தெரிந்துவிடும். அவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள்.

எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்? நீண்ட நாள் செய்ததை. நம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே இயங்கி வருகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய்ப் படம் எடுத்து வந்தவளுக்கு எழுத ஒன்றும் இருக்காது. ஒரு பருவம் முழுக்க நடந்தவளுக்கு 150 எழுத்து போதாது.

அது ஆமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்த பையன், படுத்த படுக்கையான பாட்டியை இரண்டு ஆண்டு கவனித்துக்கொண்ட பெண், அடுக்ககத்துக் காவலாளியின் பிள்ளைகளுக்குத் தினம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஆகிய எல்லோரும் அந்தப் பத்து இடங்களில் அதை எழுதலாம், எழுத வேண்டும். வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும் அந்தப் பட்டியலில் தனி வகையாகவே இருக்கின்றன. நம் பிள்ளைகள் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். உங்கள் மகள் பத்து ஆண்டாகப் பரதம் ஆடுகிறாள் என்றால் அதுவே பெரிது. தொடர்ந்து ஆடட்டும்.

கட்டுரையில் என்ன எழுதுவது, மிஸ்? என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லையே?

அமெரிக்காவுக்கு 650 சொல்லில் உன்னைப் பற்றி எழுத வேண்டும். பெரிய துன்பமோ பெரிய வெற்றியோ தேவையில்லை. ஒரு மாணவி தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதினாள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது, லாரி வரும் நேரத்தைக் குறித்து, எந்தக் குடத்தில் எவ்வளவு, யாருக்கு எதற்கு என்று அவள் போட்ட பங்கீட்டுக் கணக்கு அது. அதில் அவள் மூளையும் தெரிந்தது, மனமும் தெரிந்தது.

முதலில் தமிழில் எழுதிப் பார். உனக்கு ஓடும் மொழியில் சொல்ல வந்தது என்ன என்று தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் உட்கார். வேறு யாரையும் எழுத விடாதே: ஆலோசகரையும் விடாதே, செயற்கை நுண்ணறிவையும் விடாதே, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவையும் விடாதே. பிழை திருத்தலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். பிரிட்டனுக்கு எழுதுவது முற்றிலும் வேறு. யூகாஸில் ஐந்து படிப்புகளுக்கும் ஒரே அறிக்கைதான், மொத்தம் 4000 எழுத்து. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே பாட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். அந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், அதற்காக இதுவரை என்ன படித்தாய் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு எந்த ஆசிரியரைக் கேட்பது?

இதில் எனக்குச் சொந்த ஆர்வம் உண்டு. அதிக மதிப்பெண் போட்டவரைத் தேடாதே, உன்னை அறிந்தவரைக் கேள். நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் வகுப்பில் முதல் மாணவிக்கு எழுதியது இல்லை. உப்புப் பகுப்பாய்வில் தன் முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டு, மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில் வந்து திரும்பச் செய்த பையனுக்கு எழுதியது. ஆசிரியரிடம் பிளஸ் ஒன் முடியும்போதே கேள். அக்டோபரில் நாங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்போம். கேட்கும்போது, நம் வகுப்பில் நடந்த எதை நினைவில் வைத்திருக்கிறாய் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பெற்றோருக்கும் ஒன்று. கடிதத்தை ஆசிரியரே தன் மின்னஞ்சல் வழியாக நேரடியாக அனுப்ப வேண்டும். ஆசிரியர் பெயரில் புது மின்னஞ்சல் தொடங்கி வீட்டிலேயே கடிதம் எழுதி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மோசடி. தெரிந்துவிட்டால் கொடுத்த இடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பம் கேட்கும் பள்ளி ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இல்லையென்றால் தலைமை ஆசிரியரோ துணைத் தலைமை ஆசிரியரோ அந்த இடத்தில் இருக்கலாம்.

ஆலோசனை நிறுவனம் தேவையா? இலவசம் என்கிறார்களே?

இலவசம் என்றால் அவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது என்று பொருள். அது குற்றமில்லை. ஆனால் கமிஷன் தராத கல்லூரி, அது உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அவர்கள் பட்டியலில் வராது. நேராகக் கேளுங்கள்: எந்தெந்தக் கல்லூரியிடமிருந்து பணம் வாங்குகிறீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கணக்குகளின் கடவுச்சொல் எப்போதும் பிள்ளையிடமே இருக்கட்டும். 2023-இல் கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள்; கடிதத்தைத் தயாரித்தது முகவர், சிக்கியது மாணவர்கள். பொய் ஆவணம் கொடுத்தால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை; அமெரிக்காவில் வாழ்நாள் தடை வரை போகலாம்.

அமெரிக்காவைப் பற்றி உண்மையிலேயே பணம் இல்லாமல் பேச, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ என்னும் அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனை மையத்தை அணுகலாம். எந்தக் கல்லூரிக்கும் சாய்வில்லாமல் சொல்வார்கள்.

படிப்புதவி கிடைக்குமா?

முதலில் ஒரு கசப்பான உண்மை. தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை போன்ற, நம் நாட்டில் பரவலாகப் பேசப்படும் திட்டங்கள் பெரும்பாலும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும்தான். இளநிலைக்கு உதவி என்றால் பெரும்பாலும் கல்லூரியே தர வேண்டும்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில, வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் உதவி கேட்டதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்காமல், இடம் கொடுத்தபின் குடும்பத்தின் தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பது மிக அரிது. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பு குறையும். அதற்காகக் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. முன்கூட்டிய சேர்க்கையில் 'கட்டுப்படுத்தும்' வகை ஒன்று உண்டு. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கையெழுத்திடுவது அது. உதவித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் அதில் நன்றாக யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியர்சன் உதவித்தொகை நான்கு ஆண்டுச் செலவையும் ஏற்கிறது. பள்ளிதான் மாணவரை முன்மொழிய வேண்டும் என்பதால் ஆகஸ்டிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இளநிலைப் பிரிவும் உண்டு. கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம், முதல் ஓராண்டு மொழிப் பயிற்சி எல்லாம் அடங்கும். நம்மூரில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு ஆதங்கம். அரசு மாதிரிப் பள்ளி மாணவர்கள் படிப்புதவியோடு தைவானுக்குப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அரசின் கட்டண மானியம் வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்கும். பதிலுக்குப் படித்து முடித்தபின் மூன்று ஆண்டு அங்கே பதிவான நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு அது தொலைவும் இல்லை, அந்நியமும் இல்லை.

கல்விக் கடன்?

வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் பல வங்கிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். பி.எம். வித்யாலட்சுமி என்னும் பெயரை ஒத்த திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரி விலக்குப் பெறலாம். ஈடு வைக்கும் வீட்டின் வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப் பத்திரத்தையும் முன்பே எடுத்து வைத்தால் மே மாதத்தில் ஓட வேண்டியிருக்காது.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே?

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வாங்கத் தொடங்கிவிட்டது. வாழும் செலவுக்கு 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும்.

பலர் கவனிக்காத தடை வேறு. நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து அங்கே நேரடியாக இளநிலையில் சேர முடியாது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஸ்டூடியன்கொலெக் என்னும் முன்தயாரிப்பு ஆண்டு. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பதினோராம் வகுப்பிலேயே நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் மொழி வகுப்பில் சேர்ந்தால்தான் நடக்கும். நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். இத்தனைக்கும் பொறுமை இருக்கிற பிள்ளைக்கு ஜெர்மனியைப் போல நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற நாடு வேறில்லை.

மருத்துவம் படிக்க வெளிநாடு?

இந்தியாவில் மருத்துவராகப் பணியாற்ற எண்ணம் இருந்தால் நீட் தகுதி இல்லாமல் போகாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியோடு இருக்க வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் தேற வேண்டும். முகவர் காட்டும் கல்லூரி இந்த விதிகளுக்கு உட்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்யுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் விசா ஜூன், ஜூலையில்தான் தெரியும். 2025 மே மாத இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புது நேரம் கொடுப்பதையே சில வாரம் நிறுத்தினார்கள்; மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கச் சொன்னார்கள். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இதெல்லாம் நம் கையில் இல்லை. பொறியியல் கலந்தாய்விலோ நல்ல கலைக் கல்லூரியிலோ ஓர் இடம் வைத்திருப்பது பிள்ளையின் திறமை மீதுள்ள சந்தேகம் ஆகாது. இடம் மறுக்கப்பட்டு, ஓராண்டு இங்கே படித்துவிட்டு மீண்டும் முயன்று போனவர்களும் என் மாணவர்களில் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது, ஆகஸ்டில் கிளம்புகிறாள். ஏதாவது விட்டுப் போயிருக்குமா?

பெரும்பாலும் விட்டுப் போவது தடுப்பூசி அட்டைதான். பல அமெரிக்கக் கல்லூரிகள் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி இரண்டு முறை போட்டதற்குச் சான்று கேட்கின்றன. குழந்தையாக இருந்தபோது கொடுத்த அந்த அட்டை அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். அதைத் தேடி எடுத்து, குடும்ப மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதி வாங்குங்கள். ஊசி விடுபட்டிருந்தால் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும், அதனால் ஜூனிலேயே பாருங்கள். மூல மதிப்பெண் பட்டியல்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.